குரலை மாற்றவில்லை, அண்ணை

இன்று காலை கொடிகாமம் சந்தையில் உங்கள் குரலைக் கேட்டேன், அண்ணை. முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தேன். ஈரச் சாக்கின் வாசமும் அப்போதுதான் பிடுங்கிய காய்களின் பச்சை வாசமும் கலந்திருந்த ஒரு மூலையில், தராசில் சாய்த்து வைத்திருந்த கைத்தொலைபேசியிலிருந்து அது வந்தது. எத்தனையோ திருவிழாக்களில் கோவில் வீதி முழுக்கக் கேட்ட அதே கணீரென்ற குரல்.

"அன்பார்ந்த அடியார்களே! இரண்டாவது கவளம் பருப்புடன் புறப்பட்டு வந்துகொண்டிருக்கின்றது. வழிவிட்டு ஒத்துழைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்!"

அதன் பின்னால் அக்காவின், உங்கள் மனைவியின், சிரிப்பு.

காயை நிறுக்கச் சொன்னேன். வியாபாரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "இருங்கோ அண்ணை, உது முடியட்டும்." முடிந்த பிறகுதான் தராசைத் தொட்டார். "மறதி வருத்தக்கார மனுசிக்குச் சோறு தீத்துறார் உந்த மனுசன். கேட்டனீங்களே? எங்கடை வீட்டிலையும் அம்மா படுக்கையிலைதான். எல்லாம் தங்கச்சிதான் பாக்கிறவள். உதைக் கேட்டுப்போட்டு நேற்று நான் தீத்திப் பாத்தனான். சாப்பிட்டவ."

அந்த ஒலிப்பதிவைச் செய்தது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. காய்களை வாங்கிக்கொண்டு பேருந்துத் தரிப்பிடத்தில் வந்து நின்றேன். நீண்ட நாளாக நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. நீங்கள் போகும்போது இந்த விடயம் முடிவில்லாமல் நின்றது. எப்படி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சண்டிலிப்பாயில் உங்கள் வீட்டுக்கு நான் முதன்முதல் வந்தது நினைவிருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, நோயாளியான மனைவியைத் தனியே பராமரிக்கும் ஆண்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அப்படிப்பட்ட ஆண்கள் இல்லவே இல்லை என்றுதான் பலர் சொன்னார்கள். இருந்தீர்கள். ஆனால் ஒருவரும் வெளியே சொல்வதில்லை. நீங்களும் படலையை உள்ளே பூட்டித்தான் வைத்திருந்தீர்கள். அக்காவின் உடுப்புகளை முற்றத்துக் கொடியில் போடாமல் குசினிக்குப் பின்னால் காயவிட்டிருந்தீர்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் நீங்கள். ஆனால் ஊர் உங்களை அறிந்தது திருவிழா அறிவிப்பாளராக. தேர் புறப்படுவதும், தவறிப்போன பிள்ளையைத் தாய் தேடுவதும், மோர் முடிந்துபோனதும் உங்கள் வாயால் வந்தால்தான் சனத்துக்குச் செய்தி. அக்காவுக்கு மறதி வந்து தனியே விட முடியாமல் போனதும் அந்த வேலையை விட்டீர்கள். காரணம் கேட்டவர்களிடம் தொண்டையில் வருத்தம் என்றீர்கள்.

"மனுசியைப் பாக்கிறன் எண்டு சொன்னால் என்ன அண்ணை?" என்று அன்று கேட்டேன்.

"பாக்கிறதெண்டால் என்னென்ன எண்டு சனத்துக்குத் தெரியுமெல்லோ? குளிக்க வாக்கிறது, துணி மாத்திறது... பேந்து என்னைக் காணேக்கை எல்லாம் அவவைப் பற்றி உதைத்தான் நினைப்பினம். ரண்டு பள்ளிக்கூடத்திலை படிப்பிச்ச மனுசி, தம்பி. பேர் போடாதையும். ஊர் போடாதையும்."

பேரும் ஊரும் போடாமல் ஆய்வை எழுதி முடித்தேன். ஆங்கிலத்தில். கொழும்பில் ஒரு மாநாட்டில் அதை வாசித்தேன். பாதி நிறைந்த மண்டபம், மரியாதையான கைதட்டல், தேநீர். உங்களைப் போன்ற ஒருவரும் அதை வாசிக்கப் போவதில்லை என்ற எண்ணம் அந்தத் தேநீரோடு சேர்ந்து தொண்டையில் இறங்கியது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் இணையத்தில் ஓர் ஒலிநிகழ்ச்சி, பொட்காஸ்ட், செய்யும் எண்ணம் வந்தது. எங்கள் துறையில் இருக்கும் ஆய்வுகளைத் தமிழில், சமைத்துக்கொண்டோ தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டோ கேட்கக்கூடியதாகச் சொல்வது. துறையில் என்னோடு வேலை செய்யும் தர்சினிக்கு ஒலித்தொகுப்புத் தெரியும். அவளும் சேர்ந்துகொண்டாள்.

உங்களிடம் வந்து கேட்டபோது முதலில் படலையைத்தான் பார்த்தீர்கள். குரலை மாற்றிவிடுவோம், ஒருவருக்கும் தெரியாது என்றேன். அக்காவிடமும் கேட்க வேண்டும் என்றேன். "கேட்டுப் பாரும்" என்றீர்கள். கதிரையில் இருந்த அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, முடிந்தவரை எளிமையாக விளங்கப்படுத்தினேன். முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார், "தூரத்திலை இருந்து வந்தனீங்கள். தேத்தண்ணி குடிச்சனீங்களே?"

நாம் இருவரும் சிரித்தோம். ஆனால் எனக்கு மனம் தெளியவில்லை. சம்மதம் சொல்ல முடியாத ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு சொல்லலாம்? நீங்கள்தான் ஒரு எல்லை போட்டீர்கள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் எனக்கு விளங்குவதற்காகச் சொல்வீர்கள், வெளியே போகக் கூடாது. சாப்பாட்டுக் கதை மட்டும் போகலாம். "அது அவவுக்கும் பிடிச்ச விளையாட்டு. அதிலை வெக்கம் இல்லை."

அன்று மத்தியானம் அந்த விளையாட்டை நேரில் பார்த்தேன். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். நீங்கள் சோற்றைக் குழைத்துத் திரட்டிக் கையில் ஏந்தி, தொண்டையைச் செருமி, தேர்முட்டியில் நிற்பவர் போல நிமிர்ந்தீர்கள். "அன்பார்ந்த அடியார்களே!" என்று நீங்கள் தொடங்கியதும் அக்காவின் முகம் திரும்பியது. சிரிப்பில் வாய் திறந்தது. கவளம் உள்ளே போனது.

சொன்னபடியே தர்சினி குரலை மாற்றித் தொகுத்துத் தந்ததைக் கொண்டுவந்து உங்களுக்குப் போட்டுக் காட்டினேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டீர்கள்.

"உது ஆர் தம்பி?"

"நீங்கள்தான் அண்ணை."

"உதோ? கிணத்துக்கை விழுந்து கிடந்து கத்துறவன் மாதிரியெல்லோ இருக்கு. தொண்டை போச்சுதெண்டு நான் சொன்ன பொய்யை நீர் மெய்யாக்கிப்போட்டீர்."

மறுபடி ஒருமுறை போடச் சொன்னீர்கள். அந்தக் குரலுக்கு அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. அதைக் கவனித்தது நீங்கள். "உந்தக் குரலுக்கு இவ சாப்பிடமாட்டா. கேக்கிற சனத்துக்கும் ஒண்டும் விளங்காது. என்ரை குரலிலை போடும்."

"அப்ப ஊருக்கே தெரியும், அண்ணை."

"தெரியட்டும்" என்றீர்கள். பிறகு, ஒரு படி இறங்கி வந்தவர் போல, "மூத்தவனை ஒருக்காக் கேக்கவேணும்" என்றீர்கள். கனடாவில் இருக்கும் உங்கள் மகனைத்தான் சொன்னீர்கள்.

அவர் மறுத்துவிட்டார். அதை எனக்குச் சொல்லும்போது உங்கள் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "அம்மாவின்ரை நிலைமையை ஊருக்கு ஒலிபரப்பவேணுமோ எண்டு கேக்கிறான். பிள்ளையள் பாக்காமல் விட்டிட்டினம் எண்டு சனம் கதைக்குமாம். அவன் சொல்லுறதும் பிழையில்லை. பொறும். அவன் ஓமெண்டாப் பிறகு போடும்."

பொறுத்தேன். அந்தப் பொறுமைக்கிடையில்தான் ஒரு காலை, கிணற்றடியிலிருந்து திரும்பி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் இருந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் உங்கள் மகனைக் கண்டேன். முன்னால் நின்றும் அந்தப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. கணினியில் உங்கள் குரல் கிடந்தது. அதை வெளியிட நீங்கள் விரும்பினீர்கள் என்பதும் உண்மை, மகன் ஓமென்ற பிறகுதான் என்று சொன்னதும் உண்மை. அழித்துவிடுவோமா என்று தர்சினியிடம் கேட்டேன். "அவசரப்படாதேங்கோ சேர்" என்றாள்.

அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த கையோடு உங்கள் மகள் தொலைபேசி எடுத்தார். அக்காவைக் கொடிகாமத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தார். "சேர், குறை நினையாதேங்கோ. அம்மா ஒண்டும் சாப்பிடுறா இல்லை. டொக்டரிட்டையும் காட்டியாச்சு. அப்பா எப்பிடிச் சாப்பாடு குடுக்கிறவர் எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமே?"

பிள்ளைகளுக்குத் தெரியாது, அண்ணை. தொலைபேசியில் அதையும் மறைத்திருக்கிறீர்கள்.

மதியம் அங்கே போனேன். அக்கா யன்னலோரம் இருந்தார், நன்றாக மெலிந்துபோய். மகன் கையில் சோற்றுக் கோப்பையோடு முன்னால் குந்தியிருந்தார். நான் எதையும் விளக்கவில்லை. தொலைபேசியை எடுத்து, மாற்றாத அந்தப் பதிவைப் போட்டேன்.

"அன்பார்ந்த அடியார்களே!"

மகனின் கை அப்படியே நின்றது. அக்கா வாசல் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. இல்லாத மனிதரைத் தேடவைத்துவிட்டேனோ என்று நிறுத்தப் போனேன். அதற்குள் அக்கா, பழைய ஆசிரியையின் கண்டிப்போடு, "சத்தத்தைக் குறையுங்கோ, சனம் பாக்குது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மகள் பின்னாலிருந்து, "தீத்து, தீத்து அண்ணா" என்றார். முதல் கவளம் போனது. இரண்டாவதும் போனது. அதற்கு மேல் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் அன்றைக்கு அது பெரிய காரியம்.

கையைக் கழுவிவிட்டு மகன் என்னோடு முற்றத்துக்கு வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறனான். 'எல்லாம் சுகம், கொம்மா நித்திரை' எண்டுதான் சொல்லுவார். இவ்வளவும் தனிய நிண்டு செய்திருக்கிறார். நாங்கள் ஏதும் நினைப்பம் எண்டு சொல்லாமல் விட்டிட்டார்." பிறகு சொன்னார், "போடுங்கோ சேர். அப்பாவின்ரை குரலிலையே போடுங்கோ. சனம் எங்களைக் கதைச்சால் கதைச்சிட்டுப் போகட்டும்."

உங்கள் எல்லையை மீறவில்லை. சாப்பாட்டுக் கதையும், என் ஆய்வில் கண்டவற்றில் சிலவும் மட்டும். உங்களைப் போல எத்தனை ஆண்கள் தனியே இதைச் செய்கிறார்கள், ஏன் மறைக்கிறார்கள், மறைப்பதால் யாருடைய உதவியும் கிடைக்காமல் எப்படி ஓய்ந்துபோகிறார்கள் என்பதை நான் சொன்னேன். வெளியிட்ட பிறகு சண்டிலிப்பாய்ப் பக்கம் போகவே தயங்கினேன். போன அன்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்னைச் சந்தியில் மறித்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தொண்டை வருத்தமெண்டு நம்பி, தேனும் இஞ்சியும் குடுத்துவிட்டனாங்கள் தம்பி! எல்லாத்தையும் வாங்கிக் குடிச்சுப்போட்டு..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ரை மனுசி வந்து இருந்திருப்பாள். அவர் திருவிழாவுக்குப் போயிருக்கலாம்." ஒருவரும் சிரிக்கவில்லை, அண்ணை. நீங்கள் பயந்தது நடக்கவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. போன மாதம், நிகழ்ச்சியின் கடைசியில் நாங்கள் சொல்லும் இலக்கத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. வடக்குக் கரையோரத்திலிருந்து ஒரு கடற்றொழிலாளி. பின்னால் காற்று இரைந்தது. பேர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"தம்பி, அந்த அண்ணையிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுவீங்களே? என்ரை மனுசிக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் வழங்காது. தலை முழுக வாக்கேக்கை கழுத்தை எப்பிடிப் பிடிக்கிறது? ரண்டு தரம் காதுக்கை தண்ணி போட்டுது. பயந்து அழுறா."

நீங்கள் இல்லை என்று அவரிடம் சொன்னேன். பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வெட்டாமல் வைத்திருந்த முழுப் பதிவையும் திறந்தேன். தலை முழுக வார்ப்பதைப் பற்றி எனக்கு நீங்கள் சொன்னது அதில் இருக்கிறது. "கையை இப்பிடி வைக்கவேணும் தம்பி. பேந்து துவாயை இப்பிடி." அவ்வளவுதான் இருக்கிறது. நீங்கள் கையால் அல்லவா காட்டினீர்கள்? ஒலியில் கை விழுமா?

ஆனால் நான் உங்களுக்கு முன்னால் இருந்தேன். தலையணையை மடியில் வைத்துக் காட்டினீர்கள். இடக்கை விரல்களை விரித்துப் பிடரிக்குக் கீழே கொடுத்து, தலையின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் தங்கும்படி. சுருட்டிய துவாய் நெற்றிக்குக் குறுக்கே, வரம்பு போல. எல்லாம் கண்ணில் இருந்தது. ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த ஒரு தாதியிடமும் கேட்டேன். பாரிசவாதக்காரருக்கும் அப்படிப் பிடிப்பது சரிதான் என்றார். அவருக்கு எடுத்து, அக்காவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பிடிக்கும் முறையை மட்டும் ஆறுதலாகச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "இடக்கை... விரலை விரிச்சு... ஓம்... நெத்தியிலை துவாய். சரி." வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம், பரீட்சை விடைத்தாள்களோடு இருந்தபோது அதே இலக்கம்.

"முழுகியாச்சு தம்பி. அழேல்லை. இப்ப நித்திரை."

அவர் வைத்த பிறகுதான் கவனித்தேன். என் இடக்கை மேசைமேல் விரல் விரிந்தபடி, ஒரு பாரத்தைத் தாங்குவது போலவே இருந்தது.