வெள்ளிக்கிழமை வானம்

கேம்பல் லேன், சிங்கப்பூர்
12.10.1957

வானமண்டலங்களின் கணக்குப்பிள்ளையும் என் அக்காள் மகனுமாகிய மாப்பிள்ளை தனசேகரனுக்கு, மாமன் பரமசிவம் எழுதுவது.

லண்டனிலிருந்து நீ அனுப்பிய கருவி வந்து சேர்ந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அதை இறக்க நாற்பது ஆளும் ஒரு யானையும் தேவைப்பட்டதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீ மறுத்து எழுதாதே. உண்மையில் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

மொட்டை மாடியில் வைத்தாகிவிட்டது. கீழ்க்கடை ஜமால் முகம்மது பார்த்துவிட்டு, "என்ன லா இது, கண்ணாடிச் சட்டியக் கவுத்து வச்சிருக்கீங்க? பாட்டு வருமா?" என்றார். "சூரியனே எறங்கி வந்து வெளிச்சத்த அளந்து குடுத்துட்டுப் போவான் பாய்" என்றேன்.

தினமும் நடுப்பகலில் முள் காட்டும் எண்ணைக் குறித்து அனுப்புகிறேன். துறைமுகம் எனக்கு ஓய்வு கொடுத்ததே இதற்காகத்தான்.

உன் மாமன்,
பரமசிவம்

லண்டன்
3.3.1959

அன்புள்ள மாமாவுக்கு,

பதினாறு மாத எண்களையும் வரைந்து பார்த்தேன். வாரம் ஒருமுறை ஒளி குறைகிறது. பிறகு மெல்ல மீள்கிறது. மிக உயரத்தில் ஒரு தூசிப்படலம் ஏழு நாளுக்கு ஒருமுறை சிங்கப்பூரைக் கடக்கிறது என்று கட்டுரை எழுதினேன். அச்சாகிவிட்டது!

அதை நேரில் அளக்க என் கருவியை ராக்கெட்டில் அனுப்பலாமா என்று ஜூனில் குழு கூடுகிறது. சரி என்றால் இங்கே நிரந்தர வேலை. இல்லையென்றால் செப்டம்பரோடு என் ஆராய்ச்சி முடிந்தது. குழுவுக்குக் காட்ட, மாடியில் கருவி இருக்கும் படம் ஒன்று அனுப்புங்கள்.

தங்கள்,
தனசேகரன்

சிங்கப்பூர்
10.4.1959

ராக்கெட்டேறும் குலக்கொழுந்துக்கு,

படம் இத்துடன். சிராங்கூன் ரோடு ஸ்டூடியோக்காரரை ஏணி, பெட்டி, கறுப்புத் துணியோடு மாடிக்கு ஏற்றினேன். பாதிப் படியில், "அண்ணே, சொர்க்கம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையாகப் பார்த்து எடுத்தேன். அன்றுதான் கருவி அலங்காரமாக இருக்கும். குளிப்பாட்டி, கண்ணாடியின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். குழுக்காரர்கள் எழுந்து கும்பிடாவிட்டால் என் பெயரை மாற்று.

உன் மாமன்

லண்டன்
22.4.1959

மாமா,

கண்ணாடியின் மேலேயா வைத்தீர்கள்? முதல் வாரத்திலிருந்தே இப்படியா? இந்த ஒருமுறை கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள்.

தனசேகரன்

சிங்கப்பூர்
1.5.1959

மாப்பிள்ளை,

ஆமாம். முதல் வாரத்திலிருந்து. ஒரு வெள்ளி தவறவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது உன் அம்மா ஏறி வைத்தாள். மழை நாலைந்து நாளில் கழுவிவிடும், மறுபடி வைப்பேன். வீட்டுத் தொழில் சாமான் எதற்கும் அப்படித்தானே செய்வோம்?

தப்பா? வேண்டாமென்றால் துடைத்துவிடுகிறேன்.

பரமசிவம்

லண்டன்
20.6.1959

அன்புள்ள மாமாவுக்கு,

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தைக் குழுவின்முன் நானே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் தேவலை. ராக்கெட்டில் வேறொருவர் கருவி போகிறது.

நீங்கள் எழுதிய எண்கள் எல்லாம் சரியானவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டியவன் நான். வானத்துக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. எனக்கு அது தோன்றவில்லை; தோன்ற வேண்டாம் என்றிருந்தேன் போலும்.

எனக்காகக் குழுவுக்கு நீங்கள் எழுதவேண்டாம். கருவியை எடுத்துப்போகக் கப்பல் கம்பெனி ஆள் வருவார், கொடுத்துவிடுங்கள். செப்டம்பருக்குப் பிறகு இந்த முகவரியில் நான் இருக்கமாட்டேன். வேறு கிடைத்ததும் எழுதுகிறேன்.

தனசேகரன்

சிங்கப்பூர்
14.2.1961

அன்பு தனசேகரனுக்கு,

உன் பதில் இல்லாமல் நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. பழைய முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், வேறு தெரியாது. நாலும் திரும்பி வரவில்லை என்பதால் யாரோ வாங்கி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று உன் அம்மா, "புள்ள ஏன்டா எழுதல?" என்று கேட்டாள். நான் எது சொன்னாலும், "பாதியக் கழிச்சிட்டு மீதியச் சொல்லு" என்பவள் அவள். உன்னை நிலவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"நான்தான் அவன் வேலையக் கெடுத்தேன். அதான் எழுதல" என்றேன்.

எதையும் கழிக்கவில்லை. அப்படியே நம்பிவிட்டாள்.

பரமசிவம்