ரத்த மாத்திரை

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே புழுக்கம். தறியை நிறுத்திவிட்டு சேலம் பஸ். மனைவி சாந்தியின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்க நான் மட்டும். அவளும் வந்தால், அவளிடம் மறைத்து வைத்திருக்கும் ரத்தக் கேன்சர் என்ற பெயர் டாக்டர் வாயில் வந்துவிடுமோ என்று பயம். ஒன்றரை வருடமாக இதே பிழைப்பு.

போன தடவை நன்றாக இறங்கியிருந்த நோயின் அளவு மறுபடி ஏறியிருக்கிறது. மாத்திரை விட்டுப்போச்சா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள்கூட இல்லைங்க என்று அடித்துச் சொன்னேன். அப்படியானால் நோய் மாத்திரைக்குக் கேட்காமல் போயிருக்கலாமாம். அதைப் பார்க்க இன்னொரு டெஸ்ட்.

வரும்போது தக்காளி, சீயக்காய். குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கரண்ட் இல்லை. சாந்தியிடம் மெல்லக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு நாள் உட்டு ஒரு நாள்தானுங்க போடறேன். மீதிய எருமப்பட்டிக்குக் குடுத்துட்டேன். செல்விக்கும் ரத்தம் கம்மின்னு சொன்னாங்கல்ல."

செல்வி அவள் தங்கை, எருமப்பட்டியில் இருக்கிறாள். ரத்த மாத்திரை என்று சாந்தியிடம் சொன்னவன் நான். பெயர் போட்ட அட்டையைக் கிழித்து, பழைய இரும்புச்சத்து டப்பாவில் போட்டு வைத்தவனும் நான்தான்.

செல்விக்கு முகம் பூரித்திருக்கிறதாம், ரத்தம் ஊறுகிறது என்று அக்கா தங்கை இருவருக்கும் சந்தோஷம். அது மாத்திரையால் வரும் வீக்கம். சாந்திக்கும் ஆரம்பத்தில் வந்தது. பாத்தியா, ரத்தம் ஊறுது என்று அன்றைக்குச் சொன்ன வாய் இதுதான். நாசமாய்ப் போகிற வாய்.

செல்விக்கு போன். உடனே நிறுத்து, நாளைக்கே டாக்டரைப் பார் என்றேன். மாத்திரையின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன்.

ஜூன் 11, புதன்

லேசான தூறல். செல்விக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பயமில்லையாம், வீக்கம் வடிந்துவிடுமாம். அப்பாடா.

சேலம் டாக்டரிடம் போனில் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. விட்டுவிட்டுப் போட்டால் நோய்க்கு மாத்திரை பழகிவிடும், பழகிவிட்டதா என்று டெஸ்ட்தான் சொல்லும் என்றார். முதலில் உங்கள் மனைவியிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் சாந்தியிடம் எல்லாம் சொன்னேன், நோயின் பெயரையும். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. செல்விக்கு ஒன்றும் ஆகாதே என்றுதான் முதலில் கேட்டாள். ஆகாது என்றேன். உலை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு மாத்திரையக்கூட உட்டிருக்க மாட்டேனுங்க."

சத்தம்கூடப் போடவில்லை.