அறுபது டிகிரியில்

மார்ச் 4, கெனித்ரா
நான் தயாரித்த சேர்மத்தை இன்று சூடான அமிலத்தில் சோதித்தேன். அறை வெப்பத்தில் எஃகுத் தகட்டின் அரிப்பை நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு தடுக்கிறது. அறுபது டிகிரியில் ஐம்பத்தெட்டுதான். சூடேறினால் தகட்டை விட்டு விலகிவிடுகிறது போல. என் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் தாஹிரி தாளைப் பார்த்துவிட்டு, "கை நடுங்கியிருக்கும் மகளே, திரும்பப் பண்ணு" என்றார்.

மார்ச் 9
மூன்று முறை. 57, 59, 58. கை நடுங்கவில்லை.

ஜூன் 17
கட்டுரை வெளியாகிவிட்டது. முதல் பெயர் அவருடையது, அடுத்தது என்னுடையது. அறுபது டிகிரிக்கு நேரே 91. தொண்ணூற்றொன்று! யார் அளந்தது? போய்க் கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கிஸ்லான், உனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

பதில் சொல்லாமலேயே திரும்பி வந்தேன். மகள் பெயர் அச்சில் வந்துவிட்டதென்று அம்மா கூஸ்கூஸ் செய்து மாடி வீட்டுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். என் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

செப்டம்பர் 2
ஆய்வகத்தில் என்னோடு ஆய்வு செய்யும் ஸக்கரியா தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னான்: "உன் மருந்தை ஸாஃபியில ஒரு மத்தி மீன் தொழிற்சாலை வாங்குதாம். கொதிகலன் குழாய்ல படிஞ்ச சுண்ணாம்பை அமிலம் விட்டுக் கழுவப் போறாங்க. அறுபது டிகிரியில."

அமிலம் சுண்ணாம்போடு நிற்குமா? குழாயையும் தின்னும். மெலிந்த குழாயில் நீராவியை ஏற்றுவார்கள். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். ஐயோ, ஜூன் மாசமே ஏன் வாயைத் திறக்கல நான்?

செப்டம்பர் 3
என் அளவுகளை அந்தத் தொழிற்சாலைப் பொறியாளர் வஃபாவுக்கு அனுப்பிவிட்டேன். என் பெயர் போட்டே.

செப்டம்பர் 11
தொழிற்சாலை நிர்வாகம் என் கடிதத்தைத் தாஹிரிக்கே அனுப்பியிருக்கிறது. ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார். "உன்னை மாதிரி நன்றிகெட்டவளை நான் பார்த்ததில்லை." எல்லோர் முன்னாலும். ஸக்கரியா குடுவை கழுவிக்கொண்டிருந்தான். கழுவின குடுவையையே திரும்பத் திரும்ப.

செப்டம்பர் 24
கட்டுரைக்குத் திருத்தம் வந்திருக்கிறது. 58 என்று மாற்றிவிட்டார்கள். காரணம்: "இரண்டாம் ஆசிரியரின் பதிவுப் பிழை." பிழை என்னுடையதாம்! நேர்மை அவருடையதாம்!

செப்டம்பர் 30
வஃபா தொலைபேசியில் அழைத்தார். "உன் கடிதம் வந்ததும் ஒரு குழாய்த் துண்டை வெட்டிச் சூடான அமிலத்துல போட்டுப் பார்த்தேன் தங்கச்சி. நீ சொன்னதுதான் சரி. சூடு பண்ணாமலே கழுவிட்டோம். குழாய் நல்லா இருக்கு, ஆளுங்களும் நல்லா இருக்காங்க."

"இதையே எழுதித் தருவீங்களா அக்கா?"

"என் வேலை போயிடும்மா."

புரிகிறது. ஜூனில் நானும் இப்படித்தானே நின்றேன்.

அக்டோபர் 6
டாக்டர் பட்ட ஆய்விலிருந்து விலகும் படிவம். 'காரணம்' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அலுவலகத்துப் பெண் திருப்பித் தந்தாள். "குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

போட்டேன்.