மூன்றாம் பக்கம்

3 ஜூலை

செய்திமடல் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் மாணவியின் தந்தை. தங்களுக்கு என்னை அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பதினேழு வருஷத்துக்கு முன்னால் தாங்கள் என்னைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளியிலிருந்து எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு செய்திமடல் போகிறதாமே. எனக்கும் ஒரு பிரதி வேண்டும். நான் இந்த அணைக்கட்டுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே செல்போன் எடுக்காது. கன்ட்ரோல் ரூம் போனில் கூப்பிட்டால், சுற்றி நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ எடுத்து "சாப்பிட்டீங்களா" என்கிறாய். மகளை, அந்த வாயாடியைக் கூப்பிடு என்றால் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்கிறாய். இரண்டு வருஷமாகவா ஒரு பெண் குளிப்பாள்?

அவளைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். ஊருக்கே தெரிந்த செய்தியை எனக்கும் தெரியப்படுத்தினால் போதும். தபால் தலை உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை

10 ஜூலை

மாணவியின் தந்தை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பெற்றோர் இருவர் தனித்தனி முகவரியில் இருந்தால் இரண்டு பிரதி அனுப்பலாம் என்று பள்ளியில் விதி இருக்கிறது. அதை டைப் அடித்தவளே நான்தான், நமக்கே தேவைப்படும் என்று அப்போது தெரியாது. நான்காம் இதழ் இத்துடன் இருக்கிறது. தபால் தலையைத் திருப்பி அனுப்புகிறேன். பள்ளிச் செலவிலேயே போகும்.

அறுநூற்று நாற்பது குடும்பங்களுக்குப் போகிற மடல் இது. தண்ணீர்த் தொட்டி கழுவியது, பேருந்து நேரம் மாறியது என்றுதான் இருக்கும். அவள் பெயர் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அவள் ஏன் போனுக்கு வருவதில்லை என்று உங்களுக்கே தெரியும். மூட்டை கட்டிய அன்று வாசலில் நின்று, "உங்க ரெண்டு பேரும் இல்லாம நான் நிம்மதியா இருந்துக்குவேன்" என்றீர்கள். எனக்குச் சொன்ன சொல்தான், அவள் இந்தப் பள்ளியை விட்டு வரமாட்டாள் என்று நான் பிடிவாதம் பிடித்த கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் அவளும் கேட்டுவிட்டாள். தன்னைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மடலில் வருவதை நான் பேசியதாக எடுத்துக்கொள்ள முடியாது அல்லவா?

மலையில் குளிர் அதிகம் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
செய்திமடல் பொறுப்பாளர்

23 ஆகஸ்ட்

அன்புள்ள பொறுப்பாளருக்கு,

ஏழு இதழும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்கிறேன். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று இப்போது எனக்கு அத்துப்படி.

எட்டாம் இதழில் எறிபந்து அணியில் அவள் பெயரைப் பார்த்தேன். அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்பதாம் இதழ் வந்தது. மூன்றாம் பக்கத்தில் பாதிக்கு அவள்தான். காலைக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசினாளாம், தலைமை ஆசிரியை கைகுலுக்கினாராம். தண்ணீர் என்ற தலைப்பை அவள் ஏன் எடுத்தாள்? அணையில் அப்பன் ஒருத்தன் இருக்கிறான் என்று மனதின் மூலையில் எங்கோ இருக்கிறதோ? இருக்காது, விடு. டர்பைன் அறையில் பதினாலு பேரை நிறுத்திவைத்துப் படித்துக் காட்டினேன். ஃபிட்டர், "உங்க பொண்ணா சார் இது, உங்களுக்குத்தான் நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச வராதே" என்றான். அவனை அப்படியே விட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

வாசலில் சொன்னதைப் பற்றி நானும் நினைக்காமல் இல்லை. எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அடுத்த மாதம் குடும்ப தினம் என்று போட்டிருந்தாய். வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவேன். யாருக்கும் தெரியாது.

அன்புடன்,
அவள் அப்பா

31 ஆகஸ்ட்

அன்புள்ளவருக்கு,

குடும்ப தினத்துக்கு வர வேண்டாம். அரங்கத்தில் இடம் போதாது, குடும்பத்துக்கு ஒருவர்தான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அன்று தலைக்கு மேல் வேலை. அதற்காக நீங்கள் விடுப்பு எடுத்து இவ்வளவு தூரம் வருவானேன்?

அவள் நன்றாக இருக்கிறாள். பதினோராம் இதழ் இத்துடன் இருக்கிறது. வினாடி வினாவில் இரண்டாம் பரிசு, மூன்றாம் பக்கத்தில் பாருங்கள்.

மடலில் வருவதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள். சத்தியம் செய்திருக்கிறேன். நான் அனுப்பிய ஸ்வெட்டருக்குக் கை நீளம் போதவில்லை என்று போனில் சொன்னீர்கள், வேறு வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
நான்

14 செப்டம்பர்

உனக்கு,

போன வாரம் இங்கே புதிதாக ஒரு எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்தான். அவன் தங்கை உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாளாம். அவன் அம்மா தின்பண்டத்தைச் செய்திமடலில் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பொட்டலத்தைப் பிரித்தால் உங்கள் ஒன்பதாம் இதழ். அதே தேதி. உங்கள் மெஷின் மேல் ஓரத்தில் போடுகிற அதே கறுப்புக் கோடு.

அதன் மூன்றாம் பக்கத்தில் காலைக் கூட்டம் இல்லை, பேச்சும் இல்லை. "திங்கள் முதல் சிறப்பு வகுப்பில் சேர வேண்டியோர்" என்று பதினொரு பெயர், பக்கத்திலேயே மதிப்பெண். நான்காவது பெயர் நம் வாயாடி. கணக்கில் பதினெட்டு.

என்னிடம் இருப்பதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதை நம்புவது? பதினெட்டு வாங்கினாள் என்பதற்காக நான் என்ன தலையையா சீவிவிடுவேன்? ஊருக்கே ஒரு மடல், எனக்கு மட்டும் தனியாக ஒரு மடலா? நான் என்ன, மிட்டாய் கொடுத்து உட்காரவைக்க வேண்டிய ஆளா?

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. உள்ளதை உள்ளபடி எழுது. பத்து நாளில் வராவிட்டால் நான் வந்து நிற்பேன்.

19 செப்டம்பர்

அன்புள்ளவருக்கு,

எழுதிவிடுகிறேன். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது.

அந்தப் பட்டியல் கோப்பில் வைக்க வேண்டிய தாள். ஆசிரியர்கள் கொண்டுவந்து என் தட்டில் போட்டிருந்தார்கள். அதே தட்டில்தான் மடலுக்கான செய்திகளும் கிடக்கும். அன்று வியாழக்கிழமை, தலைமை ஆசிரியை விடுப்பு. மூன்றாம் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. சிறப்பு வகுப்பு என்ற தலைப்பைப் பார்த்தேன், குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியதுதானே என்று அடித்தேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். இருபது வருஷமாக டைப் அடிக்கிறவள் எதையும் படிப்பதில்லை, விரல்தான் படிக்கும். பெற்ற பெண்ணின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தேன், அது அவள் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

மடலைப் பிள்ளைகள் கையில்தானே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். வெள்ளிக்கிழமை மாலை அவளும் ஒன்று கொண்டுவந்தாள். மேசையில் வைத்து, "வீட்டுல குடுக்கச் சொன்னாங்க" என்றாள். அறைக்குப் போய்விட்டாள். அந்தப் பதினொரு பேருக்கும் பள்ளியில் மூணாம் பக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை அவள் சீருடை போடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை பள்ளிக்குப் போகவில்லை. அறையை விட்டே வருவதில்லை. தட்டை வாசலில் வைத்தால் நான் அந்தப் பக்கம் போன பிறகு எடுத்துக்கொள்கிறாள். என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகிறது.

எட்டாம் இதழ் வரை எல்லாம் நிஜம். அதன் பிறகு, அறுநூற்று நாற்பதும் அச்சாகி முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றாம் பக்கத்தை மாற்றி இன்னும் ஒன்று எடுப்பேன். உங்களை ஏமாற்றத்தான் செய்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று. அந்த ஒரு பிரதியில் மட்டும் நம் பெண் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மெஷினிலிருந்து அது சூடாக வெளியே வரும்போது எனக்கே ஒரு நிமிஷம் நம்பத் தோன்றும்.

வருகைப் பதிவேடும் என்னிடம்தான். தொடர்ந்து நாற்பது நாள் வராவிட்டால் பெயரை நீக்குவதாகப் பெற்றோருக்குக் கடிதம் போக வேண்டும். இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. அந்தக் கடிதத்தையும் நான்தான் அடிக்க வேண்டும்.

கோபத்தோடு வந்து கதவைத் தட்டாதீர்கள். என்னைத் திட்டுவதாக இருந்தால் எழுதித் திட்டுங்கள், படித்துக்கொள்கிறேன்.

நான்

24 செப்டம்பர்

என் அன்புக்குரியவளுக்கு,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

நானும் பொய் மடல் அச்சடித்தவன்தான். இங்கே வந்த நாளிலிருந்து, அடுத்த விடுமுறைக்கு இருவரும் வருகிறார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குவார்ட்டர்ஸில் கூடுதலாக இரண்டு கட்டில் வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு விடுமுறையும் வரும், போகும். அவளுக்குப் பரீட்சை என்பேன், உனக்கு உடம்பு சரியில்லை என்பேன். ஃபிட்டர் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

உன் ஒருத்தியின் விரல் செய்த தப்பு என்று எழுதியிருக்கிறாய். அது தப்புதான். ஆனால் அன்று மாலை அந்தத் தாளை மேசையில் வைத்தபோது, "என்னம்மா" என்று கேட்க வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருக்க வேண்டும். அது உன் தப்பு இல்லை.

இத்துடன் நான்கு இதழ்களைத் திருப்பி அனுப்புகிறேன். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, நீ எனக்கென்று அச்சடித்தவை. அவளிடம் கொடு. நாம் இரண்டு பேரும் அவளைப் பற்றி என்னவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரியட்டும். கேட்டால் இந்தக் கடிதத்தையும் கொடு. அவளுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்: அன்று வாசலில் அப்பா சொன்னது பொய். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்கவில்லை. பதினெட்டுக்காக நீ வெட்கப்படாதே. அந்தச் சொல்லுக்காக நான்தான் வெட்கப்பட வேண்டும், வெட்கப்படுகிறேன்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நம் ஊருக்கு மாற்றலும் கேட்டிருக்கிறேன், கிடைக்குமா தெரியாது. ஆனால் அவள் சொல்லாமல் நான் வரமாட்டேன்.

உன்னவன்

3 அக்டோபர்

என் அன்புள்ளவருக்கு,

நான்கு இதழ்களையும் இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு அறை வாசலில் வைத்தேன். காலையில் தட்டு கழுவி இருந்தது. இதழ்களைக் காணோம். மத்தியானம் சமையலறைக்கு வந்து நின்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோராம் இதழை நீட்டி, "பொய் சொல்றதுதான் சொல்றே, முதல் பரிசு குடுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அப்பா இதையெல்லாம் நம்பினாரா என்று கேட்டாள். பதினாலு பேரை நிற்கவைத்துப் படித்துக் காட்டினார் என்றேன். இப்போது அப்பாவுக்கு உண்மை தெரியுமா என்றாள். தெரியும் என்று சொல்லி உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மாலை வரை திறக்கவில்லை. வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. சாப்பாடு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உங்களுக்காக அச்சடித்த கதை உட்பட. மடலை என்னிடமிருந்து எடுத்து விளையாட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார். அவர் எழுதுவதைப் படிக்க ஒரு தனித் திறமை வேண்டும், போகட்டும். மன்னிப்பு மடலில் போட்டால் மறுபடி ஊருக்கே தெரியும் என்று, மற்ற பத்து வீடுகளுக்கும் நானே நேரில் போகிறேன். ஒரு வீட்டில் அந்த அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு முகத்திலேயே சாத்தினார். இன்னொரு வீட்டில் ஒரு அப்பா, என் பையனுக்கு இப்பவாவது கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்களே என்றார். ஏழு வீடு முடிந்தது.

வகுப்புக்கு வர வேண்டாம், தினமும் இரண்டு மணி நேரம் நூலகத்தில் வந்து உட்கார்ந்தால் வருகை போட்டுக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். இவளிடம் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. நாற்பது நாள் ஆக இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் போன வாரம் இருந்த பயம் இல்லை.

நேற்று கேட்டேவிட்டேன், அப்பா வரலாமா என்று. வெகு நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வரணும்னா வரட்டும்" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் வராது, உங்கள் பெண்தானே.

கடிதம் கிடைத்த அன்றே கிளம்பி, காலையில் வந்துசேரும் வண்டியைப் பிடியுங்கள். நான் பகலில் வேலையில் இருப்பேன், மாலையில் அந்த மூன்று வீடுகளுக்குப் போவேன். அவள் தனியாகத்தான் இருப்பாள். அவள்தான் கதவைத் திறக்க வேண்டும். தட்டியதும் திறக்க மாட்டாள், நேரமாகும். வாசலிலேயே நில்லுங்கள். போய்விடாதீர்கள்.

உங்கள்
நான்