கெட்டியாக்கிய பால்

இன்று காலை கரங்கானிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவை என்னிடம் ஸ்கேன் எடுக்க அழைத்து வந்தார். அவருடைய மஞ்சள் சேலையில் பால் சிந்திக் காய்ந்த வாடை. பால்குடம் எடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

நரம்பு நோய் உன் கைகால்களைத் தாண்டித் தொண்டைக்கு வந்திருந்த நேரம். தண்ணீர் குடித்தாலே புரையேறியது. விழுங்குவதை ஸ்கேனில் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மனைவிக்கு நானே ஸ்கேன் எடுத்தது அன்றுதான்.

உன் அம்மா லூனாஸ் கோயிலில் உனக்காகப் பால்குடம் எடுத்துவிட்டு, அபிஷேகப் பாலைப் புட்டியில் ஊற்றிக்கொண்டு மருத்துவமனைக்கே வந்துவிட்டார்.

"ஒரு வாய்தான் தம்பி. வேண்டுதல் பாலு. அவ குடிக்கலன்னா நான் எடுத்தது என்னத்துக்கு?"

"நுரையீரலுக்குள்ள போயிடும் அத்தை. வேணாம்."

அவர் முகம் சுண்டிப்போனது. நீ மெஷினைப் பார்த்தாய். "பாத்துட்டு சொல்லுங்களேன்."

உன் தாடைக்கு அடியில் கருவியை வைத்தேன். விழுங்கும் பயிற்சி தரும் மலாய்க்காரப் பெண் ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தாள். நாக்கின் அடியிலுள்ள சின்ன எலும்பு திரையில் கருநிழலாகத் தெரியும். விழுங்கும்போது அது எழ வேண்டும். தண்ணீர் ஓடிய பிறகுதான் எழுந்தது. இருமினாய். கெட்டியாக்கும் மாவைக் கலந்து கொடுத்தாள். நிழல் நேரத்துக்கு எழுந்தது.

"அந்த மாவ பால்ல கலந்தா குடுக்கலாமா?" அத்தை கேட்டார். உடனே அவருக்கே பயம். "சாமி குத்தம் ஆயிடுமோ?"

குழறும் நாக்கால் நீ சொன்னாய்: "சாமிக்கு சக்கரப் பொங்கலே கெட்டியாத்தானம்மா வைக்கிறோம்!"

"வாயி மட்டும் கொறையல லா இவளுக்கு!" அத்தை சிரித்துவிட்டார்.

"போலே, ஆன்ட்டி," என்று மலாயில் சொல்லித் தலையாட்டி அனுமதி தந்தாள் அந்தப் பெண்.

அத்தையே ஊட்டினார். உன் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்தார். நிழல் எழுந்து தணிந்தது. இருமல் வரவில்லை.

"எறங்கிடுச்சு தம்பி." கையெடுத்துக் கும்பிட்டார், மெஷினையா சாமியையா என்று தெரியவில்லை.

பிறகு அந்த மாவும் உதவாத நாள் வந்தது. நீ போனாய்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அத்தை வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. அவர் தொண்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அது ஒருமுறை எழுந்து தணிந்த பிறகுதான் என் கை தட்டுக்குப் போகும்.