கண்ணாடித் தொட்டியில் வெடியுப்பு

4-6-2007, திங்கள்

கோபத்தோடு ஆய்வுக் குறிப்பு எழுதாதீர்கள், அளவு தப்பும் என்று விருதுநகர்க் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வேதியியல் மாணவர்களுக்குச் சொன்னவன் நான். இன்று நானே கோபத்தோடு எழுதுகிறேன். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் மறுபடியும் பச்சைப் பாசி. போன வாரம் சுத்தமாக மழித்துவிட்ட பாறையில் ஒரு நகம் நீளத்துக்கு வளர்ந்து நிற்கிறது.

ஒழுங்காகப் போகலாம். இந்த நோட்டில் எழுத வேண்டியவை:

1. இது என்ன பாசி.
2. எதைத் தின்று வளர்கிறது.
3. அந்தத் தீனி எங்கிருந்து வருகிறது. (வீட்டுவேலைக்கு வரும் மாரிசெல்வியின் கையிலிருந்து. ஏறக்குறைய நிச்சயம்.)
4. எப்படி ஒழிப்பது.

மூன்றாவதில் "ஏறக்குறைய" என்று போட்டது என் சுபாவம். அடித்துவிடலாமா?

7-6-2007

முதல் கேள்வி முடிந்தது. சிவப்பாக வழவழவென்று தோல்போல உரிந்து வந்தால் அது பாசியே இல்லை, நுண்ணுயிர். பழுப்புத் தூளாக இருந்தால் விரலால் துடைத்தாலே போகும். இது இரண்டும் இல்லை. பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. இழுத்தால் இழை இழையாக அறுந்து வருகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், இறகுபோலப் பக்கக் கிளைகளும் இல்லை. சாதாரண மயிர்ப்பாசிதான். நல்லது. நைட்ரேட்டைக் குறைத்தால் பட்டினியில் சாகும்.

ஆனால் அதற்குள் மென்பவளம் செத்துவிடும். அதன் காம்பைச் சுற்றி இழை ஏறிவிட்டது. ஆறு நாளாக விரியவில்லை. இறக்குமதிக் காகிதத்தை மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மதுரைக் கடைக்காரரிடம் அதை வாங்கினேன். ஓய்வுக்குப் பின் எனக்கென்று கேட்டது இந்த நாலடித் தொட்டி ஒன்றுதான்.

12-6-2007

நைட்ரேட் நாற்பது. ஐந்துக்குள் இருக்க வேண்டும்! சோதனைக் குழாய் குங்குமக் கரைசல்போலச் சிவந்தது.

வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றுகிறேன். மீனுக்கு அளந்துதான் போடுகிறேன். விளக்கு ஆறு மணி நேரம்தான். பிறகு எங்கிருந்து?

மாரிசெல்வியின் கணவர் சுடலை, விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை. வெடியுப்பு என்பது நைட்ரேட்தானே. அவர் சட்டையை இவள் துவைக்கிறாள். அதே கையோடு இங்கே வந்து, பழைய பல்துலக்கியை எடுத்துத் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுப் பாறை தேய்க்கிறாள். எனக்கு இடுப்பு வலி என்று அந்த வேலையை அவளிடம் கொடுத்தவன் நானேதான். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

13-6-2007

சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. எழுபது வருடம் வாயைத் திறக்காதவன், திறந்தது இதற்கா?

"ஒன் கையில மருந்து இருக்கு. அதான் எல்லாம் சாகுது. இனி தொட்டியத் தொடாத" என்று கத்தினேன். மருமகள் யோகேஸ்வரியும், பக்கத்து வீட்டு அச்சக முதலாளி தனுஷ்கோடியின் மனைவியும் கூடத்தில் இருந்தார்கள்.

மாரிசெல்வி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஐயா, அவுக கம்பெனியிலயே தேய்ச்சுக் குளிச்சிட்டுத்தான் வாராக. சட்டைய நான் தொடுறதே இல்ல. அவுகளே அலசிக் காயப்போட்டுருவாக. புள்ள இருக்கிற வீடு, எங்களுக்குத் தெரியாதா?"

பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

14-6-2007

யோகேஸ்வரி அவளை நிறுத்திவிட்டாள்.

"தொட்டிய விடுங்க மாமா. அந்தக் கையாலதான் நமக்குப் பாத்திரம் தேய்ச்சிருக்கா. இத்தன நாள் ஏன் சொல்லல நீங்க?"

தொட்டியைத் தொட வேண்டாம் என்றுதானே சொன்னேன். வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லையே. அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மாடிக்குப் போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

20-6-2007

நைட்ரேட் ஐம்பது. அவள் போய் ஆறு நாள்.

2-7-2007

இனி தினமும் தண்ணீர் மாற்றுவது என்று பத்து நாளாகப் பிடிவாதமாகச் செய்கிறேன். போர் தண்ணீர் உப்பு என்பதால், வடிகட்டிய தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து, கடலுப்புப் பொட்டலம் போட்டுக் கலக்கி ஊற்றுகிறேன். கல்லூரித் தராசில் நிறுப்பதுபோல நிறுத்துத்தான் போடுகிறேன்.

நைட்ரேட் எண்பது. பாறையே தெரியவில்லை, பச்சைக் கம்பளம். பவளம் பாதி கரைந்துவிட்டது. இன்று அதன் நாற்றத்தை முகர்ந்தபோது, யார் மேல் என்று தெரியாமல் அப்படி ஒரு ஆத்திரம்! அவள் இல்லை, அவள் கை இல்லை. பிறகு யாருடைய கை?

9-7-2007

பால் ஊற்றும் வேலுச்சாமி வாசலில் யோகேஸ்வரியிடம் சொன்னது மாடிவரை கேட்டது.

"மாரிசெல்வி நாரணாபுரத்துல பட்டாசுக்கு மருந்து செலுத்துற வேலைக்குப் போறா, தெரியுமாக்கா? இந்தத் தெருவுல மூணு வீட்டுல கேட்டுப் பாத்தா. மருந்துக் கை, வேணாம்னுட்டாகளாம். பழைய தீக்காயம் இருக்கவ. அந்த ரூம் பக்கமே போமாட்டேன்னு இருந்தவ."

மூன்று வீட்டுக்கும் யார் சொன்னது? யோகேஸ்வரி. யோகேஸ்வரிக்கு யார் சொன்னது?

15-7-2007, ஞாயிறு

உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அவளிடம் கத்துவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

வடிகட்டிய தண்ணீர்: நைட்ரேட் இல்லை. அதில் கடலுப்பைப் போட்டுக் கண்ணாடிக் குடுவையில் கலக்கியது: இல்லை. டிரம்மில் கலக்கி வைத்தது: நூறுக்கு மேல்!

டிரம் புதிதாக வாங்கியது. உள்ளே நிற்பது மரத் துடுப்பு மட்டும். இரும்பு துருப்பிடிக்கும் என்பதால், மகன் நவநீதகிருஷ்ணனிடம் கேட்டு அவன் பட்டாசுக் கம்பெனியிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். பொறி பறக்கக் கூடாது என்று மருந்து அறையில் எல்லாம் மரக் கருவிதானே. எத்தனை வருடம் வெடியுப்பைக் கிளறிய துடுப்போ! மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நன்றாயிற்று என்று நினைத்தேன். மாதக்கணக்கில் டிரம்முக்குள்ளேயே ஊறவிட்டேன்.

துடுப்பின் நுனியில் ஒரு சிராய் சீவி, வெயிலில் காயவைத்து, மொட்டை மாடியில் கொளுத்தினேன். சர்ரென்று சீறி, இளம் ஊதா ஓரத்தோடு எரிந்து தீர்ந்தது. அது வெடியுப்பு என்று இந்தப் பட்டாசு ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் பாசிக்கு நானே பந்தி வைத்திருக்கிறேன். தினமும் பிடுங்கிக் கொஞ்சமாவது வெளியே எடுத்துக்கொண்டிருந்தவள் மாரிசெல்வி ஒருத்திதான். அதனால்தான் அவள் போனதும் இப்படி.

காலையில் சட்டை போட்டதிலிருந்து எல்லாவற்றிலும் என்னைச் சந்தேகிக்கிறவன், நான் கலக்கிய தண்ணீரை மட்டும் ஏன் சந்தேகிக்கவில்லை? அவள் கையைச் சந்தேகிப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததா? முட்டாள். முட்டாளுங்கூட இல்ல, கெட்டவன்.

16-7-2007

நவநீதகிருஷ்ணனிடம் சொன்னேன். சிரித்தான். "துடுப்புதானப்பா, நூறு ரூவா பிளாஸ்டிக்ல வாங்கிக்கிடுங்க."

"மாரிசெல்வி..."

"அதுக்காக நீங்க போயி அவகிட்ட நிப்பீகளா? புரொபசர் காளிராஜ், வேலைக்காரி வீட்டு வாசல்ல! சீசன் நேரம், கம்பெனில ஆயிரம் பேச்சு ஓடும். சும்மா இருங்கப்பா."

சும்மா இருந்தேன். அதுதான் எனக்கு வருமே.

17-7-2007

போகவில்லை.

18-7-2007

போகவில்லை. செருப்பை மாட்டினேன், கழற்றினேன்.

22-7-2007, ஞாயிறு

விஸ்வநத்தம் பஸ்ஸில் போனேன். தெருக் குழாயடியில் ஐந்தாறு பெண்கள். மாரிசெல்வி குடத்தோடு நின்றாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். தனியாகவா கத்தினாய் என்று எனக்குள் ஒரு கேள்வி. அங்கேயே சொன்னேன். துடுப்பு, சிராய், ஊதாத் தீ எல்லாவற்றையும், வகுப்பெடுப்பதுபோல.

ஒரு பெண், செல்லத்தாய் என்றார்கள், "ஏலா, ஒங்க வாத்தியாரு பாசிக்கு மருந்து வச்சிட்டு ஒன்மேல பழியப் போட்டாராக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

மாரிசெல்வி சிரிக்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி ஏறியிருந்தது. இப்போதுதான் அது உண்மையிலேயே மருந்துக் கை.

"இங்கன வந்து சொல்லி என்ன ஆகப்போகுது ஐயா? இவுகளா என்னைய வேணாம்னாக? படிச்சவுக நீங்க, சொன்னா ஊரு நம்பிரும். அங்கன போயிச் சொல்லுங்க."

"யோகேஸ்வரிகிட்டச் சொல்லி மறுபடியும் நம்ம வீட்டுக்கே..."

"அங்க வரமாட்டேன்."

29-7-2007

முதலில் யோகேஸ்வரியிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மூன்று வீட்டுப் படியும் ஏறினேன். கையில் இன்னொரு சிராய், ஒரு தீப்பெட்டி. சொன்னால் மட்டும் நம்பமாட்டார்களோ என்ற பயம்தான். தனுஷ்கோடி வாசலில் கொளுத்திக் காட்டினேன். "அண்ணாச்சி, தீவாளிக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு" என்று கிண்டல் செய்தார். "சிரிக்காதீக தனுஷ்கோடி! இதனால ஒரு பொம்பள மருந்து ரூம்ல ஒக்காந்திருக்கா" என்று கத்திவிட்டேன். அந்தத் தெருவில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

20-8-2007, திங்கள்

மரத் துடுப்பை எடுத்துப் போட்ட பிறகு நைட்ரேட் பத்து. இழைகள் வெளுத்து உதிர்கின்றன. இடுப்பு வலியோடு நானேதான் பல்துலக்கியால் தேய்க்கிறேன். பவளம் பிழைக்கவில்லை. பாறையிலிருந்து சுரண்டி எடுத்து வேப்பமரத்தடியில் புதைத்தேன்.

மாரிசெல்வி இன்று முதல் தனுஷ்கோடி வீட்டில் வேலை. காலை ஏழு மணிக்கு நம் வாசலைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 4 பட்டியலில் மூன்றாவது தவறு. அவள் கை அல்ல, என் கை.