தட்டிலிருந்து நட்டு பறந்த திசை

என் அன்பு அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உங்களுக்கு வலிக்குமே என்று எதையும் மறைக்கமாட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலை ஷிப்ட். நீங்கள் கம்பெனி வேன் ஓட்டிய அதே தடத்தில்தான் போகிறாள். வண்டி வேறு, டிரைவர் வேறு. ஏரிக்கரை வளைவில் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் எம்-சாண்ட் மணல் மட்டும் இன்னும் கிடக்கிறது. பஞ்சாயத்தில் போய்ச் சொன்னோம். "இன்னிக்குக் கூட்டினா நாளைக்கு இன்னொரு லாரி கொட்டிக்கினு போவும், இன்னா பண்ணச் சொல்ற?" என்றார்கள்.

நீங்கள் கண்மண் தெரியாமல் ஓட்டியதால்தான் அந்த வளைவில் வண்டி கவிழ்ந்து செத்தீர்கள் என்று தெருவில் பேசுகிறார்கள். மணல்தான் காரணம் என்பது என் கட்சி. இந்த வருடம் இயற்பியலில் வட்ட இயக்கம் வந்ததும், சோதித்தே காட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

உங்கள் ஸ்பேனர் டப்பாவில் இருந்த பழைய பேரிங்கின் மேல் அலுமினியத் தட்டை ஒட்டி, அதில் ஒரு இரும்பு நட்டை வைத்துச் சுற்றினேன். நட்டு விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சாலைக்கு ஏது அப்படி விளிம்பு? தட்டைப் பெயர்த்துக் கவிழ்த்து ஒட்டினேன். மெதுவாகச் சுற்றியபோது நட்டு கூடவே வந்தது. வேகத்தைக் கூட்டியதும் பறந்தது. நடுவிலிருந்து நேரே வெளிப்பக்கம் போகும் என்று நினைத்திருந்தேன். இல்லை அப்பா. பிடி விட்ட நொடியில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமே நேராகப் போனது. உங்கள் வண்டியும் அப்படித்தானே ரோட்டை விட்டுக் கருவேலங்காட்டுக்குள் போனது?

பிறகு தட்டில் மணலைத் தூவினேன். முன்னைவிடக் குறைந்த வேகத்திலேயே நட்டு வழுக்கி விழுந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஆனால் அதே மணலில் இன்னும் மெதுவாகச் சுற்றினால் அது விழவில்லை. விழு விழு என்று வேண்டிக்கொண்டே திரும்பத் திரும்பச் சுற்றினேன். விழவே இல்லை.

"காலைலேர்ந்து இன்னாடி தட்டச் சுத்திக்கினு கீற?" என்றாள் அம்மா. சொன்னேன். அம்மா நட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "சரி, வேகமாத்தான் போனாரு. எதுக்குப் போனாருன்னு உன் தட்டு சொல்லுமா?"

அதைச் செல்வி அக்கா சொன்னார். அன்றைக்கு உங்கள் வேனில் வந்த, திருநெல்வேலிப் பக்கத்து அக்கா. "நாங்கதாம்ட்டி கத்துனோம். ஆறு மணிக்குள்ள பஞ்ச் பண்ணலன்னா அரைநாள் ஆப்சென்ட் போட்ருவான்லா? 'அண்ணே, மிதிங்கண்ணே'ன்னு எல்லாருந்தான் கத்துனோம். ஒங்கப்பா எங்களுக்காவத்தான் மிதிச்சாவ."

இன்று விடியற்காலையில் தட்டையும் மணலையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு வேன் நிறுத்தத்துக்குப் போனேன். தெருவிளக்கின் கீழே வைத்துச் சுற்றிக் காட்டினேன். மிதிக்கச் சொல்லி டிரைவரிடம் கத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"டோய், டீச்சரம்மா காலங்காத்தால கிளாஸ் எடுக்குது!" என்றார் ஓர் அண்ணன். ஆனாலும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நட்டு பறந்து அவர் செருப்பில் பட்டதும் சிரிப்பு நின்றது. "மெய்தான் பாப்பா. இனிமே கத்தமாட்டோம்" என்றார்.

வேன் தாமதமாக வந்தது. அடித்துப் பிடித்து ஏறினார்கள். டிரைவர் சேகர் அண்ணன், "மணலா கீதுபா, மெதுவாத்தான் போவேன்" என்றார். "இன்னாண்ணா, மணி இன்னா ஆவுது! மிதிண்ணா!" என்று உள்ளே ஒரே கூச்சல். சிரித்த அண்ணன் கத்தினார். செல்வி அக்காவும் கத்தினார். அவர்கள் குரலுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது, "சேகரு, சீக்கிரம் எடுப்பா, கம்பெனி கேட்டச் சாத்திடுவான்!"

அது அம்மா.

வேன் போய்விட்டது. எங்கே தவறினேன் அப்பா? இவர்களிடம் நான் எதைச் சுற்றிக் காட்டியிருக்க வேண்டும்?

நாளையும் தட்டோடு வந்து நிற்பேன். கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் இல்லை. ஆனாலும் வருவேன், இது என் வாக்கு. யாராவது உங்கள் வேகத்தைப் பற்றிப் பேசினால் இல்லை என்று சாதிக்கமாட்டேன். மணலையும் சொல்வேன், கூச்சலையும் சொல்வேன், அம்மாவின் குரலையும் சேர்த்தே சொல்வேன்.

நிறுத்தத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. விடிந்துவிட்டது என்று தெருவிளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்,
கயல்விழி